அச்சடித்த கொக்கிகள்

ஸ்டோர்லி ஊரில் ஒரு பொருள் என்ன விலை பெறும் என்று தெரிய வேண்டுமென்றால் ஆர்டிஸ் டுவெட்டனைத்தான் கேட்பார்கள். பழைய டிராக்டரா, பாட்டன் காலத்துப் பீங்கான் தட்டா, தையல் மிஷினா, எதுவானாலும் சரி. முப்பத்தோரு வருஷம் ஏலக்காரருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பொருள் யார் கைக்கு எவ்வளவுக்குப் போனது என்று எழுதியவள். மினசோட்டாவின் மேற்கு ஓரத்துச் சமவெளியில் வீசும் மார்ச் மாதக் காற்றில் பேனா மை உறைந்துபோகும். ஆர்டிஸ் பென்சிலால் எழுதுவாள். அறுபத்தேழு வயதில், வேலையை விட்டு நாலு வருஷமான பிறகும், கடைக்குப் போகும் முன் அவளுக்கு ஒரு போன் போடும் பெண்கள் ஊர் சர்ச்சில் இருந்தார்கள்.

அவள் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான். "கையைத் தூக்குறதுக்கு முன்னாடி பொருளைக் கவுத்துப் பாரு." மேசையென்றால் அடிப்பலகை, கோட்டென்றால் உள்தையல், பெட்டியென்றால் கீழ்மூலை. மேலே பளபளவென்று இருப்பதெல்லாம் அடியில்தான் உண்மையைச் சொல்லும் என்பது அவள் அனுபவம்.

அந்த ஊரில் ஏலத்துக்கென்று எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. கடன் முற்றியோ, வயதாகியோ ஒருவர் பண்ணையைக் கலைக்கும்போது, அக்கம்பக்கத்தார் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. தேவையில்லாவிட்டாலும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். வாங்குவதில் இல்லை விஷயம். அந்த மனிதர் தன் வீட்டு முற்றத்தில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்டிஸின் அப்பாவுடைய பண்ணை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஏலம் போனது. கடைசியாக மிச்சமிருந்தது, ஒரு காபி டப்பா நிறைய வளைந்த ஆணிகள். ஏலக்காரரே அதைத் தூக்கிப் போடப் பார்த்தார். கார்ல் ஹாலன் என்ற பக்கத்துப் பண்ணைக்காரர் கையைத் தூக்கி, "பத்து டாலர்" என்றார். கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அன்றைக்கு அவளுக்கு இருபத்தொன்பது வயது. அந்த டப்பாவை அவள் மறக்கவேயில்லை. இந்தக் கதையில் அவள் செய்த முட்டாள்தனத்துக்கு அந்த டப்பாதான் காரணம். அதற்குப் பிறகு செய்த கேவலத்துக்குக் காரணம் அவளே.

செப்டம்பர் மாதம். சாப்பாட்டு மேசையில் போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தவள் கண்ணில் ஒரு படம் பட்டது. நரைத்த தாடியோடு ஒரு கிழவர், பக்கத்தில் கண்ணாடி போட்ட மனைவி, பின்னால் அலமாரி நிறையக் கம்பளி நூல், காலடியில் ஒரு நாய். 'நாற்பத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு எங்கள் பின்னல் கூடத்தை மூடுகிறோம். என் கணவரின் விரல்கள் இனி ஒத்துழைக்காது. மிச்சமுள்ள ஸ்வெட்டர்கள் நல்ல வீடுகளுக்குப் போய்ச் சேரட்டும்.' நார்வே பாணியில், நட்சத்திரப் பூ போட்டு, மார்பில் வெள்ளீயக் கொக்கிகள் வைத்த ஸ்வெட்டர். கடையில் முன்னூறு டாலருக்குக் குறையாது. இங்கே எழுபத்தொன்பது. ஓரத்தில் ஒரு சிவப்புக் கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.

"வெர்லின், இதைப் பாரேன்."

அவள் கணவன் வெர்லின் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினான். மனிதன் நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம்.

"அந்த நாய்க்குப் பின்னங்கால் ஒண்ணுதான் இருக்கு."

"உக்காந்திருக்குய்யா."

"உக்காந்தாலும் ரெண்டு இருக்கும்."

"நான் ஸ்வெட்டரைக் காட்டுறேன், நீ நாயைப் பாக்குறே."

"அவங்க எந்த ஊரு?"

அவள் தேடினாள். ஊர் பெயர் இல்லை. போன் நம்பர் இல்லை. "கடையை மூடறவங்க போனைக்கூடவா வச்சிட்டிருப்பாங்க?" என்றாள். அந்தப் பதில் அவளுக்கே நியாயமாகப் பட்டது. வெர்லின் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டான். அவனுடைய நாற்பது வார்த்தையில் பாதி நாய்க்கே செலவாகிவிட்டது.

அவள் ஒன்று வாங்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

புதன்கிழமைகளில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடி, அகதி முகாம்களுக்கு அனுப்பப் போர்வை தைப்பார்கள். அங்கே ஆர்டிஸ் அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டினாள். "பாவம், கை விழுந்துபோச்சாம் அவருக்கு. நம்ம ஊர்னா நாம எல்லாரும் போயிருக்க மாட்டோமா?" என்றாள். அவ்வளவு போதுமாக இருந்தது. பாடகர் குழுவை நடத்தும் மேவிஸ் இரண்டு எடுத்தாள். ஆளாளுக்கு ஒன்று, இரண்டு. யூனிஸ் ஹாலன் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஆணி டப்பாவை வாங்கிய கார்லின் மருமகள் அவள். புருஷன் போய் ஏழு வருஷம். எழுபத்தொரு வயதிலும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வாரம் மூன்று நாள் நிற்கிறாள்.

"மூணு மருமகளுங்க இருக்காளுங்க ஆர்டிஸ். கிறிஸ்துமஸுக்கு ஒருத்திக்குக் குடுத்து மத்தவளுக்குக் குடுக்கலேன்னா ஆகாது."

"அப்ப மூணா எடு."

"நல்லா இருக்கும்ல?"

"நான் சொல்றேன்ல."

யூனிஸுக்குப் போனில் தட்டத் தெரியாது. அவளுடைய பச்சை நிற பேங்க் கார்டை வாங்கி, எண்களை ஒவ்வொன்றாக ஆர்டிஸே அடித்தாள். ஒரு எண் தப்பிப்போய், அழித்து, சரியாகத் திரும்ப அடித்தாள். பிற்பாடு அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது அந்த ஒரு எண்தான். தப்பாகவே விட்டிருக்கலாமே.

ஐந்து வாரம் கழித்துப் பார்சல் வந்தது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பை, ரொட்டிப் பாக்கெட்டை விடச் சிறியது. கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது; முப்பத்தோரு வருஷம் எடையைக் கையால் பார்த்தவள். ஆனாலும் பிரித்தாள். மேசை விரிப்புக்குக்கூட ஆகாத மெல்லிய துணி. அதன்மேல் ஸ்வெட்டரின் போட்டோவை அச்சடித்திருந்தார்கள். பின்னல் அச்சு. நட்சத்திரப் பூ அச்சு. கொக்கிகளும் அச்சு, அவற்றின் நிழல் உட்பட. கொக்கியை அவிழ்க்க நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள். சுரண்டிய பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பதே உறைத்தது. கவிழ்த்துப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

அதைச் சுருட்டி, கீழ்த்தளத்தில் உள்ள பெரிய ஃப்ரீசரில், மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்தாள். ஏன் ஃப்ரீசர் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெர்லின் கை விட்டுத் துழாவாத இடம் அது, அவ்வளவுதான்.

கடைக்கு எழுதினாள். மரியாதையாகப் பதில் வந்தது: பொருளை வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து சதவீதம் திருப்பித் தருகிறோம். மறுத்தாள். இருபது. மறுத்தாள். இருபத்தைந்து. தன்னை வைத்தே ஏலம் நடக்கிறது என்று புரிந்தபோது அவளுக்குக் காது சுட்டது. நாலாம் நாள் அந்தக் கடையே இணையத்தில் இல்லை. அதற்கடுத்த வாரம் அதே கிழவர், அதே மனைவி, வேறு பெயரில், முப்பத்தெட்டு வருஷமாக நடத்திய தோல் பைக் கூடத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். நாயும் இருந்தது. அதன் பின்னங்கால் இப்போதும் ஒன்றுதான்.

தன் கிரெடிட் கார்டு கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்தது ஒரு சின்னப் பெண்.

"உங்க காசு வந்துடும் மேடம், கவலைப்படாதீங்க. போட்டோ மட்டும் அனுப்புங்க. உங்களோட வேற யாரும் வாங்கினாங்களா?"

"ம்... ஒண்ணு ரெண்டு பேரு."

"உடனே சொல்லிடுங்க. பில் வந்து அறுபது நாளு தாண்டிட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. பேங்க் கார்டுல வாங்கியிருந்தா இன்னும் சீக்கிரம் போகணும், ஒவ்வொரு பேங்குக்கும் ஒவ்வொரு கணக்கு."

பச்சைக் கார்டு அவள் கண்முன் வந்து நின்றது. "சொல்லிடுறேன்மா," என்றாள்.

ஐந்தே நாளில் அவள் காசு அவள் கணக்கில் திரும்பிவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து காபி ஊற்றும்போது தொண்டை வரை வரும். ஆனால் சொன்னால் முப்பத்தோரு வருஷமும் போய்விடும். இனி எவளும் போன் செய்து விலை கேட்க மாட்டாள். 'ஆர்டிஸே ஏமாந்தாளாம்' என்று மேவிஸ் சொல்ல மாட்டாள்தான்; மேவிஸ் நல்லவள். ஆனால் நினைப்பாள். யாராவது ஒருத்தி வாயைத் திறந்து குறை சொல்லட்டும், அந்த நொடியே சொல்லிவிடுவோம் என்று காத்திருந்தாள்.

குறை சொல்வதற்கு அந்த ஊரில் யாருக்கு வாய் வரும்? காபி வேண்டுமா என்று கேட்டால்கூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவைதான் கோப்பையை நீட்டுவார்கள். முதல் தடவையே நீட்டுகிறவன் வெளியூர்க்காரன், அல்லது உங்கள்மேல் கோபமாக இருக்கிறான். சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் இருந்தால், "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அதற்குமேல் கடுமையான சொல் அங்கே இல்லை.

"ஸ்வெட்டர் வந்துச்சா மேவிஸ்?"

"வந்துச்சு வந்துச்சு."

"எப்படி?"

மேவிஸ் காபியை ஒரு வாய் குடித்தாள். "வித்தியாசமா இருக்கு."

"லேசா இருக்கு," என்றாள் யூனிஸ் அவசரமாக. "எனக்குப் பாரமா இருந்தாத் தோள் வலிக்கும். துவைக்கவும் சுலபம். உன்னோடது?"

"ஆமா," என்றாள் ஆர்டிஸ். "வீட்டுக்குள்ள போட்டுக்கத் தோதா இருக்கு."

அவளுடையது அப்போது மான் இறைச்சிக்கு அடியில் கட்டையாக உறைந்துகிடந்தது.

நவம்பரின் இரண்டாவது சனிக்கிழமை சர்ச்சில் லூட்டஃபிஸ்க் என்ற நார்வே மீன் விருந்து. சலவைச் சோடா போன்ற காரநீரில் ஊறிய அந்த மீனின் வாசனை மூன்று தெரு தாண்டியும் அடிக்கும். அப்படியும் அறுநூறு பேர் வருவார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் மேலே ஆராதனைக் கூடத்தில் பெஞ்சுகளில் காத்திருக்க வேண்டும். கீழே இடம் காலியாகக் காலியாக எண்ணைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது வருஷா வருஷம் ஆர்டிஸ்தான். ஏலத்தில் பழகிய குரல், மைக்கே தேவையில்லை.

"நாப்பத்தொண்ணுலேர்ந்து எண்பது வரைக்கும், கீழே இறங்கலாம்! கிழவருங்களைத் தள்ளாதீங்க, மீன் எங்கேயும் ஓடிடாது!"

சிரிப்பு. அவள் மனசும் கொஞ்சம் லேசானது. அந்தத் தெம்பில், உருக்கிய வெண்ணெய் போதுமா என்று பார்க்கச் சமையலறைக்கு இறங்கினாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பரிமாற நின்ற பெண்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் அந்த ஸ்வெட்டரைப் போட்டிருந்தார்கள்.

நட்சத்திரப் பூக்கள் வரிசையாக நின்றன. மேவிஸ் குனிந்தால் அவள் மார்பில் இருந்த உலோகக் கொக்கிகள் துணியோடு சேர்ந்து மடங்கின. எல்லாருக்கும் இடது தோளில் அதே நிழல், அதே சுருக்கம். போட்டோ எடுத்தவனின் விளக்கு எங்கே இருந்ததோ அங்கிருந்து விழுந்த நிழல்.

"அடடே, நீ போடலியா?" என்றாள் மேவிஸ். "நாங்க போன்ல பேசி வச்சிக்கிட்டோம். நீ இதைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறியே, மனசு கஷ்டப்படுறியோன்னு... நல்லாத்தான் இருக்கு ஆர்டிஸ். பாரு, எல்லாரும் ஒரே மாதிரி, பாடகர் குழு கணக்கா."

யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. அது இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். காபி டப்பாவும், கார்ல் ஹாலன் உயர்த்திய கையும், அப்பாவின் தொப்பியும் நினைவுக்கு வந்தன. இவர்கள் அதையேதான் செய்கிறார்கள். அவளுடைய வளைந்த ஆணிகளை ஆளுக்கு ஒரு கை வாங்கிப்போட்டிருக்கிறார்கள், அவள் தலை நிமிர்ந்து நிற்பதற்காக. அப்பாவுக்குக் கடன் இருந்தது, சூது இல்லை. அவள் மட்டும் தன் காசைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

அடுப்படியில் யூனிஸ் உருளைக்கிழங்கு ரொட்டியை மடித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் ஒருத்திக்கென்று வாங்கியதைப் பிரித்துப் போட்டிருந்தாள். அவளுக்கு அது இரண்டு அளவு பெரியது. கைவிளிம்பு உள்ளங்கை வரை தொங்கியது. கொதிக்கும் மீன் பானையின் ஆவியில் அது நனைந்து, சாயம் இளகி, அவள் தொட்ட ரொட்டிகளிலெல்லாம் நீல விரல்தடங்கள் விழுந்திருந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல் அந்த ரொட்டிகளை அடியில் தள்ளினாள்.

"யூனிஸ், கையைக் காட்டு."

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

ஆர்டிஸ் அவள் கையைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினாள். தண்ணீர் நீலமாக ஓடியது.

"உன் பேங்க்ல எத்தனை நாளு?"

"என்ன எத்தனை நாளு?"

"இதைத் திருப்பிக் கேக்கறதுக்கு. காசை."

"காசையா? அதெல்லாம் எதுக்கு? போனா போகுது, பாவம் அந்தக் கிழவர்..."

"கிழவரே இல்ல யூனிஸ்."

மேலே நூற்றிருபது பேர் தங்கள் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். மேவிஸின் கரண்டி நின்றது. ஆர்டிஸ் குழாயை மூடினாள். மேலே எண்ணைக் கூவிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. வந்தது ஒரு முனகல்.

"கிழவரும் இல்ல, கடையும் இல்ல. படம். இப்ப அதே ஆளு தோல் பை விக்கிறாரு. இது ஏமாத்து வேலைன்னு பார்சல் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். கார்டு கம்பெனில சொன்னாங்க, எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, நாளு இருக்குன்னு. நான் சொல்லல. என் காசு எனக்கு வந்துடுச்சு. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு."

பதினோரு பேரும் அவளையே பார்த்தார்கள். யூனிஸ் தன் கையைத் துடைத்துக்கொண்டாள், ஒவ்வொரு விரலாக.

"அப்படியா," என்றாள். பிறகு, "அது வித்தியாசமா இருக்கு, ஆர்டிஸ்."

மேலிருந்து யாரோ படியில் எட்டிப் பார்த்து, எண்பத்தொன்றைக் கூப்பிடலாமா என்று கேட்டார்கள். அன்று இரவு முழுவதும் ஆர்டிஸ் கூப்பிட்டாள். கிழவர்களைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

திங்கட்கிழமை சர்ச் கீழ்த்தளத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஆர்டிஸ் போட்டோ எடுத்து, எழுத வேண்டியதை எழுதி, போனில் பேசிக் கொடுத்தாள். நாள் மிச்சம் இருந்தது. பத்துப் பேர் காசும் திரும்பி வந்தது. யூனிஸின் பேங்கில் நாற்பத்தைந்து நாள்தான் கணக்கு. ஒன்பது நாள் தாண்டியிருந்தது. கார்டு கம்பெனிப் பெண் சொன்ன அன்றே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாக இருந்திருக்கும். பேங்க் பெண் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். அவள்மேல் தப்பே இல்லை.

வெர்லினிடம் அன்று மாலைதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கீழே போய், ஃப்ரீசரிலிருந்து அந்தச் சுருட்டலை எடுத்துவந்து மேசையில் வைத்தான். அது மெல்ல இளகித் தண்ணீர் விட்டது.

"நாயைப் பத்திச் சொன்னேன்," என்றான்.

"சொன்னே."

"இதையும் என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

அவன் ஒரு துணியை எடுத்து மேசையில் தேங்கிய தண்ணீரைத் துடைத்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் ஒரு உறையில் மூன்று ஸ்வெட்டருக்கான பணத்தை வைத்து எடுத்துக்கொண்டு யூனிஸ் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். யூனிஸ் வேண்டாம் என்பாள். வற்புறுத்த வேண்டும். மறுபடி, "அதெல்லாம் எதுக்கு" என்பாள். அப்போது கார்ல் ஹாலனின் பத்து டாலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லாதது. மூன்றாம் தடவை யூனிஸ் வாங்கிக்கொள்வாள். இருவரும் கொஞ்சம் அழுதாலும் அழலாம்.

யூனிஸ் கதவைத் திறந்தாள். வேலைக்குக் கிளம்பும் உடுப்பில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆணியில் அந்த ஸ்வெட்டர் தொங்கியது. துவைத்திருந்தாள்போல, நட்சத்திரங்கள் பாதி போயிருந்தன. கொக்கிகள் மட்டும் அழியாமல் இருந்தன.

"இது உன்னோடது," என்று உறையை நீட்டினாள் ஆர்டிஸ்.

"சரி," என்று யூனிஸ் வாங்கிக்கொண்டாள்.

முதல் தடவையே.

ஆர்டிஸின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. கார்ல் ஹாலன் கதை வாய்க்குள்ளேயே இருந்தது. அதைச் சொல்ல இனி இடமில்லை. யூனிஸ் உறையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. தெருவில் வழி கேட்டவருக்குக் காட்டும் மரியாதை இருந்தது.

"காபி குடிக்கிறியா?"

"ஐயோ, வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்," என்றாள் ஆர்டிஸ், வழக்கப்படி. சொல்லிவிட்டு, மிதியடியில் காலணிப் பனியைத் தட்டியபடி அங்கேயே நின்றாள்.

"சரி," என்றாள் யூனிஸ். "பாத்துப் போ. படி வழுக்குது."